மாஸ்டர் மேல் ஒரே ஒரு குற்றம்

ஏப்ரல் 28, ஞாயிறு

என் பேர் சேசடிமை. வயசு எழுபத்து நாலு. பாறைத்துறை மிக்கேல் டீமுக்கு மைதானத்தில் கோடு போடுகிறவன் நான்தான். எழுத வாசிக்கத் தெரியாது. சொல்கிறது நான், எழுதுகிறது என் மகள் ஜெசிந்தா. பஸ் நிற்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் டைரியை எடுப்பாள்.

டைரியைத் தந்தது எங்க கோச்சு தைரியநாதன் மாஸ்டர். அரசுப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், திண்டுக்கல் பக்கத்து ஆள், முப்பத்தெட்டு வயசு, ஒற்றைக்கட்டை. "ஐயா, நாப்பது வருச மேட்ச்சும் உங்க தலைக்குள்ள இருக்கு. எவன் எந்தக் காலால அடிப்பான்னு நீங்க சொல்றீங்க, நான் மறந்துடுறேன். தெனமும் இதுல ஏத்துங்க. அப்பப்ப வாங்கிப் படிச்சுக்கிறேன்" என்றார்.

அவர் வந்து மூணு வருசம். அதற்கு முன்னால் மூணு வருசத்தில் முப்பத்தெட்டு ஆட்டம் ஆடி இருபத்தொன்பது தோற்றோம். மணல்துறைக்காரனிடம் ஏழு கோல் வாங்கினது ஒரு திங்கள்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு வருசமாகக் கோடைக் கோப்பை எங்க கோயில் அலமாரியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டும் மனுசன் ஊருக்குப் போகாமல் மூணாவது கோப்பைக்காக இங்கேயே கிடக்கிறார்.

இன்றைக்குக் கால் இறுதி. மூணுக்கு ஒண்ணு. கோடு போடுகையில் ஆடு இரண்டு நடு வட்டத்தை அழித்துவிட்டது. திரும்பப் போட்டேன்.

(மாஸ்டருக்கு: இது அப்பா சொன்னதில்லை. செவ்வாயும் புதனும் பரோட்டாக் கடை அடைப்பு. சாம்பார் தூக்குவாளியில் கடையில் வைத்திருப்பேன். – ஜெ.)

(தூக்குவாளி கழுவி வைத்திருக்கிறேன். போன வாரத்துச் சாம்பாரை விட இது நன்றாக இருந்தது. போன வாரமும் நன்றாகத்தான் இருந்தது. – தை.)

மே 1, புதன்

ஊர் தலைகீழாகக் கிடக்கிறது.

காலையில் நான் வலைக்கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன், டீம் செகரட்டரி கிளீட்டஸ் பைக்கை நிறுத்தாமலே இறங்கி ஓடி வருகிறான். பைக்கு தனியாய்ப் போய் மண்ணில் விழுந்தது.

"மாமா, சோலி முடிஞ்சு! மாஸ்டர் போறாரு!"

"எங்கடே போறாரு?"

"ஊருக்கு! மாறுதல் வாங்கிட்டு! ஜெசிந்தாவுக்க கடையில நின்னு சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்காரு. எனக்க ரெண்டு கண்ணால பாத்தேன். பெரிய முத்திரை வச்ச காகிதம். என்னைக் கண்டதும் மடக்கிப் பையில போட்டாரு. நேர்மையான காகிதத்தை எவனாவது மடக்குவானா?"

மூணு வருசம் ஆனால் மாறுதல் கேட்கலாம், ஜூன் மாசம் கலந்தாய்வு என்று அவனே சொன்னான். அவன் மச்சினி டீச்சர். நான் சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தேன். காலில் எறும்பு கடித்துக்கொண்டிருந்தது, அப்புறம்தான் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மீன் விற்கிற எலிசா, மாஸ்டர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எங்க டீமுக்கு அவள் தொண்டைதான் முரசு, அவள் ரோட்டில் நின்று சொன்னது: "திண்டுக்கல்லுல என்ன இருக்கு? பூட்டு இருக்கு. பூட்டை வச்சு கோல் அடிக்க முடியுமா?"

ஜெசிந்தாவிடம் கேட்டேன். "கடைக்கு வாறவங்க காகிதத்தை நான் வாசிக்க மாட்டேன்பா" என்றாள். நல்ல பழக்கம்தான். ஆனால் கஷ்டம்.

மே 3, வெள்ளி

கிளப் ரூமில் கூட்டம். ஆளுக்கொரு யோசனை. மாஸ்டருக்கு மோட்டார் பைக்கு வாங்கிக் கொடுப்போம் என்றான் ஒருவன். "பைக்கு வாங்கிக் குடுத்தா அதுலயே ஏறிப் போவாரு" என்றாள் எலிசா. அதோடு அது போச்சு.

கடைசியில் மனு கொடுப்பது என்று முடிவாச்சு. இப்படிப்பட்ட மாஸ்டரை எங்களிடமிருந்து எடுக்கக் கூடாது என்று மேல ஆபீசுக்கு ஒரு மனு. கிளீட்டஸ் என்னிடம் "மாமா, கணக்கைச் சொல்லும், உம்மகிட்டதான் கெடக்கு" என்றான். சொன்னேன். மாஸ்டர் வந்த பிறகு அறுபத்தொரு ஆட்டம், நாற்பத்தேழு ஜெயம், ஒன்பது சமம், ஐந்து தோல்வி. அதில் இரண்டு தோல்வி ரெஃப்ரி செய்தது. இந்த ஊர்ப் பையன்மார் மூணு பேர் மாவட்ட டீமில் இருக்கிறார்கள். சாயங்காலம் சாராயக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோரு பேர் இப்போது அந்த நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். அவர்கள் பேரையும் சொன்னேன். பேர் வேண்டாம் என்றார்கள், பதினோரு பேரும் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் பெருவிரல் என்னுடையது.

டைப் அடித்தது ஜெசிந்தா. அடிக்கும்போது சிரித்தாள். "ஏன்டீ சிரிக்க?" என்றேன். தூசி என்றாள். தூசிக்குத் தும்மல்தானே வரும்.

(அவர்கள் பார்த்தது மாறுதல் காகிதம் இல்லையென்று நான் சொல்லிவிடட்டுமா? ஊரே அழுகிறது. – ஜெ.)

(அது இல்லையென்றால் அப்புறம் எது என்று கேட்பார்கள். ஐயாவிடம் முதலில் நான் பேச வேண்டும். கோப்பை முடியட்டும். – தை.)

மே 5, ஞாயிறு

இன்றைக்கு ஆட்டம் இல்லை. வாவல் மீன் இரண்டு நல்லதாய் வந்தது, கழுவி மாஸ்டருக்குக் கொண்டு போனேன். மூணு வருசமாய் ஞாயிறு உட்பட ஒரு நாள் விட்டதில்லை. நெத்திலி, சாளை, அயிலை, கணவா, அந்தந்தக் காலத்துக்கு எது ருசியோ அது. மாஸ்டர் உடம்பு நன்றாக இருந்தால்தான் டீம் நன்றாக இருக்கும். மாஸ்டரை இந்த ஊரோடு கட்டிப் போட்டிருப்பது என் மீன்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

"ரொம்ப சந்தோசங்கய்யா" என்று இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வாயுவாக இருக்கும். இஞ்சி தட்டிக் குடிக்கச் சொன்னேன்.

திரும்பி வருகையில் எலிசா வீட்டுப் பூனை சுவரில் படுத்துக் கிடந்தது. கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது. அவள் வியாபாரம் நன்றாகப் போகிறது போல.

மே 8, புதன்

இன்றைக்குச் சாம்பார்.

ஒரு காரியம் கவனித்தேன். நான் சொல்லி முடித்த பிறகும் பேனா ஓடுகிறது. "என்னடீ எழுதுற?" என்றால் "தேதி" என்கிறாள். தேதியை ஆரம்பத்தில்தானே எழுதுவார்கள்? எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். கோடு போடுகிறவன் நான்.

இதையும் எழுது என்றேன். எழுதினாள். காது சிவந்திருந்தது.

மே 12, ஞாயிறு

அரை இறுதி. இரண்டுக்கு இரண்டு, அப்புறம் பெனால்டியில் ஜெயித்தோம். அஞ்சாவது பெனால்டி அடிக்கப் போன பையன் முகத்தை மாஸ்டர் குனிந்து பார்த்தார், அவன் ஷூ நாடாவைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான். பையன் அடித்தான், வலை கிழிந்தது. வலையை இறுதி ஆட்டத்துக்குள் தைக்க வேண்டும்.

முடிந்ததும் எல்லோரும் மாஸ்டரைத் தோளில் தூக்கினார்கள். எலிசா கத்தினாள்: "கீழ எறக்காதீங்கடே! எறக்குனா திண்டுக்கல்லுக்கு ஓடிருவாரு!" மாஸ்டர் மேலே இருந்தபடியே யாரையோ தேடினார். கூட்டத்துக்குப் பின்னால், கடை இருக்கிற பக்கம். ஜெசிந்தா அங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில்.

மே 16, வியாழன்

நாசமாப் போச்சு.

மேல ஆபீசிலிருந்து பதில். கிளீட்டஸ் கிளப் ரூமில் சத்தமாய் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் குரல் கிணற்றுக்குள் போவது போல இறங்கிப் போச்சு. ஊர் மக்களின் மனு கிடைக்கப் பெற்றதாம். இவ்வளவு திறமையான ஒரு பயிற்சியாளர் கடலோரத்தில் இருப்பது இதுவரை எங்கள் கவனத்துக்கு வரவில்லையாம். திருநெல்வேலிப் பக்கம் புதிதாகத் தொடங்குகிற விளையாட்டு விடுதிக்கு இவரைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். இறுதி ஆட்டத்தைப் பார்க்க அதிகாரி ஒருவர் நேரில் வருகிறாராம். கடைசி வரி, ஊர் மக்களுக்கு நன்றி.

கிளீட்டஸ் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"நன்றியாமே" என்றாள் எலிசா.

"நாமளே எழுதி, நாமளே கையெழுத்துப் போட்டு, நாமளே ஸ்டாம்பு ஒட்டி..." என்று கிளீட்டஸ் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, நீரு அந்தப் பதினோரு பேரைச் சொன்னீரே, அதுல விழுந்துட்டானுவ. அதுக்குக் கீழ கோடு போட்டிருக்கானுவ."

பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், மறுபடியும் குடிக்கப் போனால் சரியாகுமா என்று ஒருவன் கேட்டான். செருப்பை எடுத்தாள் அவன் பெண்டாட்டி.

வீட்டுக்கு வந்தேன். ஜெசிந்தா இன்றைக்குச் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

(போவீர்களா? – ஜெ.)

மே 17, வெள்ளி

மாஸ்டர் டைரியை வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார். வலை தைத்தேன்.

(அதிகாரி கேட்கட்டும். அதற்குப் பிறகுதான் பதில். ஆனால் உங்களிடம் சொல்லாமல் எந்தப் பதிலும் கிடையாது. சாப்பாட்டில் உப்பு போடவும், ஐயா பாவம். – தை.)

மே 19, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். போட்ட மனுவுக்கு எதிர்மனு போடுவது. மாஸ்டர் ஒன்றுக்கும் ஆகாதவர் என்று நாமே எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று கிளீட்டஸின் கண்டுபிடிப்பு.

"ஆளுக்கொரு குத்தம் சொல்லுங்கடே. நல்ல குத்தமா இருக்கணும்."

ஒருவன் எழுந்து, "பிராக்டிசுக்கு அஞ்சு நிமிசம் லேட்டா போனா திட்டுவாரு" என்றான். அது குணம், குற்றம் இல்லை, உட்காரு என்றார்கள். இன்னொருவன் "எனக்க மகனை டீம்ல எடுக்கல்ல" என்றான். "உனக்க மகனுக்கு பந்தும் பலாப்பழமும் ஒண்ணுடே, எடுத்திருந்தாத்தான் குத்தம்." அதுவும் போச்சு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம்தான் எல்லாம் கிடக்கிறதே. மூணு வருசத்தையும் நாள் நாளாய்ப் புரட்டினேன். ஒரு தடவை, போன வருசம் ஆகஸ்டில், பந்தைக் கடலில் விட்டார். அதுவும் காற்று.

அப்போதுதான் எலிசா தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு உண்டு. சொன்னா சேசடிமை அண்ணன் மனசு கஷ்டப்படுவாரு."

"சொல்லு."

"மாஸ்டர் மீன் தின்ன மாட்டாரு."

கிளீட்டஸ் பேனா மூடியைத் திறந்தான்.

"வாசமே ஆகாது அவருக்கு. மூணு வருசமா நீரு குடுக்குற மீனு, நீரு தெருமுக்கு திரும்பினதும் சுவருக்கு மேல எனக்க வீட்டுக்கு வந்துரும். மூக்கைப் பொத்திக்கிட்டு நீட்டுவாரு, பாவம். 'அக்கா, ஐயாகிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாரு'ம்பாரு. நானும் சொல்லல்ல. சொன்னா மீனு நின்னு போகும்லா."

மீன் விற்கிறவள் மூணு வருசமாய் என் மீனைத் தின்றிருக்கிறாள். மிச்சம் பூனைக்கு.

கிளீட்டஸுக்குப் பரம சந்தோசம். மனுவில் எழுதினார்கள்: மேற்படி பயிற்சியாளர் கடற்கரையில் பணிபுரிந்தும் மீன் உண்பதில்லை, ஆகவே தகுதியற்றவர். வேறு குற்றம் கிடைக்கவில்லை. பங்குச்சாமி, இதை அனுப்பாதீர்கள், ஊர் மானம் போகும் என்றார். அனுப்பிவிட்டார்கள். நான் பெருவிரல் வைக்கவில்லை.

மே 21, செவ்வாய்

மீன் கொண்டு போகவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை, இனி இல்லை. எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. எட்டு நாள் விளமீன், பதினாறு நாள் நெய்மீன், அந்த நெய்மீனுக்கு விடியற்காலை வள்ளம் வருகிற வரை நின்றேன். கோபம் இல்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மத்தியானம் மாஸ்டரே வீட்டு வாசலுக்கு வந்தார். "ஐயா, எங்க ஊருல குளத்து மீனு கூடப் பாத்ததில்லைங்கய்யா. மொத நாளே சொல்லிருக்கணும். நீங்க அந்த இலையில சுத்திக் கொண்டு வந்து நீட்டுனப்ப, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

"மூணு வருசமா வரல்லியா?"

"மூணு வருசமா வரலைங்கய்யா."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். உள்ளே ஜெசிந்தா அடக்கவில்லை.

அவர் போன பிறகு ஒன்று யோசித்தேன். மீன் தின்னாத மனுசன் மூணு வருசம் என்ன தின்றார்? பரோட்டாக் கடை. செவ்வாயும் புதனும் அது அடைப்பு. நம் வீட்டில் சாம்பார் வைப்பது எந்தெந்த நாள்? செவ்வாய், புதன். முன்னெல்லாம் இந்த வீட்டில் சாம்பாரே கிடையாது. தூக்குவாளி ஒன்று அடிக்கடி காணாமல் போய் அடிக்கடி வருகிறது.

எழுது, ஏன் நிறுத்துகிறாய்?

எனக்கு ஒன்றும் தோணவில்லை. சும்மா சொன்னேன்.

மே 24, வெள்ளி

காலால் அளந்து இறுதி ஆட்டத்துக்குக் கோடு போட்டேன், நூற்றுப் பத்து தப்படி நீளம், எழுபது தப்படி அகலம். டேப் வைத்து அளந்து பார்த்தான் கிளீட்டஸ், ஒரு சாண் வித்தியாசம். டேப்பில்தான் தப்பு.

மே 26, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிரில் மணல்துறை. நீளமாய்ச் சொல்வேன், கை வலித்தாலும் எழுது.

அதிகாரி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, கையில் நோட்டு. மாஸ்டரைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் சாப்பிடாத கோச் நீங்கதானா?" மாஸ்டர் விழித்தார். எங்க ஆட்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

நேற்றே ஊருக்குள் ஒரு பேச்சு. ஜெயித்தால் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தோற்றால் அந்த ஆபீசருக்கு மனசு மாறும். அதனால் யாரும் கத்தக் கூடாது. பையன்மாருக்கு உற்சாகம் வராமல் இருந்தால் போதும், மற்றது தானாய் நடக்கும். இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை, பையன்மாரிடமும் சொல்லவில்லை. சனங்களுக்கு மட்டும்.

ஆட்டம் தொடங்கியது. ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. ரெஃப்ரி விசில் ஊதினால் மலையில் எதிரொலி கேட்கிறது. பெரிய வியாழன் அன்றைக்குக் கோயிலில் கூட இவ்வளவு அமைதி கிடையாது. எங்க பையன்மார் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், யாராவது செத்துப் போனார்களா என்று. எலிசா ஒரு படி மேலே போய் மணல்துறைக்காரனைப் பார்த்து "நல்ல கிக்கு மக்கா!" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாவது நிமிசம் மணல்துறை ஒரு கோல் போட்டது. நாங்கள் கை தட்டினோம். கைதான் தட்டினது.

ஹாஃப் டைமில் மாஸ்டர் கோட்டோரம் என்னிடம் வந்தார். முகம் வாடிக் கிடந்தது. "ஐயா, ஊருக்கு என் மேல என்ன கோபம்?" என்றார். நான் சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டார்: "இந்தக் கோல்கீப்பர் புதுப் பையன். இவனைப் பத்தி ஏதாவது தெரியுங்களா?"

எனக்குத் தெரியும். இவன் அப்பனும் கோலி. நாற்பத்தொரு வருசம் முந்தி இதே மைதானத்தில் இறுதி ஆட்டம், நான் லெஃப்ட் பேக்கு, வெறுங்கால். கடைசி நிமிசத்தில் எனக்கு ஒரு பந்து கிடைத்தது. உயரமாய் அடித்தேன், அவன் பிடித்துவிட்டான். அவனுக்கு இடது பக்கம் தாழ்வாய் அடித்திருந்தால் கை போயிருக்காது, அவன் எப்போதும் வலது காலில்தான் எடை வைத்து நிற்பான். அதை நான் கண்டது பந்து என் காலை விட்டுப் போன பிறகு. இன்றைக்கு முதல் பாதி முழுக்க மகனைப் பார்த்தேன். அதே நிலை, அதே வலது கால்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் இங்கேயே இருப்பார்.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெனால்டி அடிக்கப் போன பையனைப் பார்த்த மாதிரி.

"இடது பக்கம், தாழ்வா" என்றேன். "உருட்டினாலே போதும்."

அறுபத்தொன்றாவது நிமிசம் எங்க பையன் ஒருவன் உருட்டினான். போச்சு உள்ளே. ஒன்றுக்கு ஒன்று. சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சிலருக்குக் கண்ணில் தண்ணீர். எண்பத்து மூன்றாவது நிமிசம் அதே இடம், அதே உருட்டு. அந்தப் பந்து கோட்டைத் தாண்டும் முன்பே யாரோ ஒரு கிழவன் தொண்டை கிழியக் கத்தினான். நான்தான். நாற்பத்தொரு வருசம் உள்ளே கிடந்த கத்தல், கொஞ்சம் நீளம். பின்னாலேயே எலிசா, கிளீட்டஸ், ஊர், கடல் எல்லாம் சேர்ந்து கத்தியது. எலிசா அந்த அதிகாரியின் நோட்டைப் பிடுங்கி வானத்தில் எறிந்தாள்.

மூணாவது கோப்பை. எல்லோரும் ஆடினார்கள். ஆடிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்து, "தொலைச்சோம்டே, தொலைச்சோம்" என்று அழுதார்கள். இப்படி ஒரு ஜெயத்தை நான் பார்த்ததில்லை.

அதிகாரியும் மாஸ்டரும் வேப்ப மரத்தடியில் தனியாய்ப் பேசினார்கள். அதிகாரி கை கொடுத்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

மே 28, செவ்வாய்

கிளீட்டஸ் விசாரித்துவிட்டு வந்தான். மாஸ்டர் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் சொல்ல வேண்டுமாம், போகிறாரா இல்லையா என்று. "போகாம இருக்க அவருக்குப் பைத்தியமா மாமா? நல்ல கிரவுண்டு, புல்லு, பெரிய டீமு, தங்க வீடு. இங்க என்ன இருக்கு? ஆடும் சுண்ணாம்பும்."

ஒருவரும் மாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

சாம்பார் நாள். தூக்குவாளி வீட்டிலேயே இருந்தது. நான் எடுத்து, ஊற்றி, மூடி, ஜெசிந்தா கையில் கொடுத்தேன். "கடையில வச்சிரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் மூடி இறுக்கமாய் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மே 29, புதன்

இன்றைக்கு நான் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும். எழுது.

மாஸ்டர், இது உமக்கு. டைரிக்கு இல்லை.

நீர் வருவதற்கு முன்னும் வந்த பிறகும் என் மகளுக்கு ஆறு வரன் வந்தது. முட்டத்து மாப்பிள்ளை, குளச்சல் மாப்பிள்ளை இரண்டு, கப்பலில் வேலை பார்த்தவன், மணவாளக்குறிச்சி கம்பவுண்டர், கடைசியாய் ஒரு வாத்தியார். ஆறையும் அவள் வேண்டாம் என்றாள். அப்பாவை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை, மூக்கு சரியில்லை, முடி சரியில்லை என்றுதான் சொன்னாள். ஆறு தடவையும் நான் மனசுக்குள் சந்தோசப்பட்டேன். வெளியே பெருமூச்சு விட்டேன், உள்ளே சந்தோசம்.

பேனா நிற்கிறது. எழுது.

ஹாஃப் டைமில் நீர் கேட்டபோது பொய் சொல்ல நினைத்தேன். உம்மை இங்கே பிடித்து வைக்க. முடியவில்லை. இதிலும் முடியவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் இந்த டைரியில் பேனா ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. பங்குச்சாமியிடம் கொடுத்திருக்கலாம், கிளீட்டஸிடம் கொடுத்திருக்கலாம், ஊருக்கே தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை.

மாஸ்டர், திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்றால் போம். ஊர் அழும், மூணு நாள் அழும், அப்புறம் அங்கே வந்து உம் டீமுக்கே கத்தும். ஆனால் தனியாய்ப் போகாதேயும்.

என் சோற்றைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மீன் குழம்பு எனக்கு வைக்கத் தெரியும். சாம்பார்தான் தெரியாது, அதை நான் தின்பதும் இல்லை, மூணு வருசமாய்த் தின்கிறது போல நடித்தேன்.

அழாதே, மை கலங்கும். எழுதிவிட்டாயா? எல்லாமா? சரி, கொண்டு போய்க் கொடு.

மே 30, வியாழன்

ஐயா, இன்றைக்கு நான் எழுதுகிறேன், தைரியநாதன். ஜெசிந்தா பக்கத்தில் இருக்கிறார், உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

விருப்பமில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே வேப்ப மரத்தடியில் அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். எழுத்திலும் கொடுத்துவிட்டேன். ஜெசிந்தாவிடம் முதலில் சொல்கிறேன் என்ற வாக்கை மீறினதற்குத் திட்டும் வாங்கிவிட்டேன். ஏன் என்று அதிகாரி கேட்டார். இந்த ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், தோற்றால் நான் இங்கேயே இருப்பேன் என்று தெரிந்தும் ஜெயிக்கிற வழியைச் சொன்னார், அவர் போடுகிற கோட்டை விட்டு வெளியே ஆட எனக்கு மனசில்லை என்றேன். ஆட்டம் முடிந்ததும் எலிசா அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டார்கள்.

கிளீட்டஸ் பார்த்த முத்திரைக் காகிதம் என் ஞானஸ்நான சர்டிபிகேட். கல்யாணத்துக்குக் கோயிலில் கேட்பார்கள் என்று எடுத்து வைத்தேன். கோப்பை முடிந்து, எழுத்தில் பதிலும் கொடுத்துவிட்டு உங்களிடம் பேச வரலாம் என்றிருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, எங்கேயும் போகவில்லை, உங்கள் வீட்டிலேயே இருக்கிறோம், டைரி எழுத ஆள் வேண்டும். இரண்டு, மீன் தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், பழகிப் பார்க்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். தைரியநாதன் என்று பங்குச்சாமி ஆரம்பித்ததும், அது கல்யாண அறிவிப்பு என்பது கூடக் காதில் விழாமல், எலிசா எழுந்து "போறாரா?" என்று கத்தினாள். ஜெசிந்தா பேரையும் வாசித்த பிறகு கோயிலுக்குள்ளே விசில் அடித்தார்கள். பங்குச்சாமி திட்டவில்லை.

எலிசா பூனைக்கு இனிக் கஷ்ட காலம்.

மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. நெய்மீன், நானே போய் நின்று வாங்கினது. மாஸ்டர் ஒரு துண்டு தின்றார். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனால் தின்றார். முள் எடுத்துக் கொடுத்தது நான் இல்லை.

அவ்வளவுதான். இன்றைக்கு நான் சொல்லி முடித்துவிட்டேன். பேனா இன்னும் ஓடட்டும்.